புதுக் குழலின் ஆயுள்

மருந்து பற்றிய நொடியிலிருந்து குண்டு ரைஃபிள் குழலின் வாயைத் தாண்டும்வரை ஆகும் நேரம், ஒரு நொடியை ஆயிரமாக வகுத்தால் அதில் ஒன்றோ ஒன்றரையோ பங்குதான். .308 ரகக் குழல் போட்டித் தரத் துல்லியத்தோடு ஏறத்தாழ 5000 தோட்டாக்களைத் தாங்கும் என்பது சுடுநர்களிடையே புழங்கும் கணக்கு. இரண்டையும் பெருக்கினால், தன் ஆயுள் முழுவதிலும் அந்தக் குழல் உண்மையாக வேலை பார்க்கும் நேரம் பத்து நொடியைக்கூட எட்டாது. மற்ற நேரமெல்லாம் அது பீரோவில் கிடக்கிறது, உறைக்குள் தூங்குகிறது, காரில் போகிறது, துடைக்கப்படுகிறது. சேலம், நாமக்கல் பக்கத்தில் குழல்கள் கெட்டுப்போவது பெரும்பாலும் அந்த மற்ற நேரத்தில்தான்.

இந்த வட்டாரத்தில் உரிமத்தோடு துப்பாக்கி வைத்திருப்பவர்கள் யார் என்று பார்த்தாலே இது புரியும். பயிர்ப் பாதுகாப்புக்காக உரிமம் பெற்ற விவசாயிகள், ஏற்காட்டு எஸ்டேட்காரர்கள், வங்கிக் காவலில் இருக்கும் முன்னாள் ராணுவத்தினர், போட்டிகளுக்குப் பயிற்சி எடுக்கும் இளைஞர்கள். இவர்களில் கடைசி வகையினரைத் தவிர யாரும் குழல் தேயுமளவுக்குச் சுடுவதில்லை. ஆண்டுக்கு எத்தனை தோட்டா வாங்கலாம் என்பது உரிமத்திலேயே எழுதப்பட்டிருக்கிறது. இஷாப்பூர் ரைஃபிள் தொழிற்சாலையின் .315 ஸ்போர்ட்டிங் ரைஃபிளை அந்த அளவுக்குள் சுட்டு, குழலைத் தேய்த்து முடிக்க ஓர் ஆயுள் போதாது. ஆனால் தவறான கம்பியால் அதன் வாய் விளிம்பைக் கெடுக்கச் சில மாதங்கள் போதும். துருவேற ஒரு மழைக்காலம் போதும்.

அதனால் இந்த அத்தியாயம் சுடுதலால் வரும் தேய்மானத்தைச் சுருக்கமாகச் சொல்லிவிட்டு, துடைப்பதையும் பத்திரப்படுத்துவதையும் விரிவாகப் பேசுகிறது.

தோட்டா அறை முடிந்து சுழல்பள்ளங்கள் தொடங்கும் இடத்துக்குத் தொண்டை என்று பெயர். முதலில் தேய்வது அந்த இடம். எரிமருந்து பற்றும்போது அங்கே வாயுவின் வெப்பம் 2500 டிகிரி செல்சியஸைத் தாண்டும்; .308 ரகத்தில் அழுத்தம் 4000 பாருக்கு மேல் போகும். எஃகின் மேல்தோல் அந்தக் கணத்தில் கார்பனையும் நைட்ரஜனையும் உள்வாங்கி, கடினமாகி, நொறுங்கும் தன்மையைப் பெறுகிறது. பிறகு மயிரிழை வெடிப்புகள் விழுகின்றன. அடுத்தடுத்த தோட்டாக்கள் அந்த வெடிப்புகளின் ஓரங்களைப் பெயர்த்துக்கொண்டு போகின்றன. குழல் ஏற்கெனவே சூடாக இருந்தால் எல்லாமே வேகமாக நடக்கும். ஏப்ரல், மே மாதங்களில் சேலத்து வெயிலில் வைத்த கறுப்புக் குழல், ஒரு தோட்டாகூடச் சுடாமலேயே தொட முடியாதபடி கொதித்திருக்கும். எனவே கோடையில் பயிற்சி காலை வேளையில்தான். சுடாத நேரத்தில் ரைஃபிள் நிழலில்தான். குழலைக் கையால் பிடித்து ஐந்து நொடி தாங்க முடியவில்லை என்றால் நிறுத்திவிட வேண்டும். தானாக ஆறட்டும். தண்ணீர் ஊற்றி ஆற்றக் கூடாது, ஈரத்துணியும் சுற்றக் கூடாது.

புதுக் குழல் வாங்கியவர் முதலில் கேட்கும் கேள்வி, அதைப் பழக்க வேண்டுமா என்பதுதான். நாமக்கல் லாரிக்காரர்களுக்கு ரன்னிங்-இன் புதிதல்ல: புது இன்ஜினை ஆரம்பத்தில் அதிக லோடு ஏற்றாமல், விரட்டாமல் ஓட்டிப் பழக்குவார்கள். அதே எண்ணத்தில் ரைஃபிள் குழலுக்கும் ஒரு முறை சொல்லப்படுகிறது. ஒரு தோட்டா சுடு, துடை. மறுபடி ஒன்று சுடு, துடை. சில சுற்றுக்குப் பிறகு மூன்று சுட்டுத் துடை. அமெரிக்கக் குழல் தயாரிப்பு நிறுவனமான கிரீகர் இதை இன்றும் பரிந்துரைக்கிறது. அவர்கள் சொல்லும் காரணத்தில் பொருள் இருக்கிறது. குழலின் உட்புறம் தொழிற்சாலையிலேயே மெருகேற்றப்பட்டுவிடுகிறது. தொண்டையோ கடைசியில் ரீமரால் வெட்டப்படுவது. அந்த வெட்டுக் கோடுகள் குண்டு போகும் திசைக்குக் குறுக்காக இருக்கும். அவை குண்டின் செம்பைச் சுரண்டுகின்றன. சுரண்டிய செம்பு வாயுவோடு போய்க் குழலில் படிகிறது. சில தோட்டாக்கள் போனதும் கோடுகள் மழுங்கிவிடும்.

மறுபக்கத்தில் கேல் மெக்மில்லன் என்ற மற்றொரு அமெரிக்கக் குழல் தயாரிப்பாளர், இந்தப் பழக்கும் முறையே வீண், குழலின் ஆயுளில் ஒரு பகுதியைத் தின்பதைத் தவிர வேறு பலன் இல்லை என்று உறுதியாக வாதிட்டார். இருவருமே குழல் செய்து பெயர் வாங்கியவர்கள். இந்த நூலின் கருத்து இரண்டுக்கும் நடுவில் இருக்கிறது. உரிமத்தில் எண்ணி வாங்கும் தோட்டாவை நாற்பது, ஐம்பது என்று சடங்குக்குச் செலவழிக்கத் தேவையில்லை. முதல் பத்துத் தோட்டாவை இரண்டிரண்டாகச் சுட்டு, ஒவ்வோர் இரண்டுக்கும் பிறகு செம்பு கரைப்பானால் துடைத்துப் பார்க்கலாம். துணியில் நீலப்பச்சை நிறம் குறைந்துகொண்டே வந்தால் தொண்டை சரியாகிவருகிறது என்று பொருள். அதோடு விட்டுவிடலாம். இயந்திரக் கோடு அதிகமுள்ள தொழிற்சாலைக் குழல்களில் நிறம் குறைய இன்னும் சில தோட்டாக்கள் ஆகும். அதற்காகக் கவலைப்பட வேண்டியதில்லை.

முதல் தோட்டாவுக்கு முன்னால் செய்ய வேண்டிய வேலை ஒன்று இருக்கிறது, இதைத்தான் பலர் விட்டுவிடுகிறார்கள். புது ரைஃபிளின் குழலில் தொழிற்சாலையின் பாதுகாப்பு எண்ணெயோ கெட்டியான கிரீஸோ பூசியிருக்கும். சிலவற்றில் இயந்திரத் துகளும் ஒட்டியிருக்கும். அதோடு சுட்டால் அழுத்தம் எகிறும், மோசமான நிலையில் குழல் உப்பிப்போகும். மேகசினைக் கழற்றி, போல்ட்டை வெளியே எடுத்து, தோட்டா அறை காலி என்று கண்ணால் பார்த்து, விரலாலும் தடவி உறுதிசெய்த பிறகு, கரைப்பான் நனைத்த துணி இரண்டு, அதன்பின் காய்ந்த துணி வெண்மையாக வரும்வரை. பின்பக்கத்திலிருந்து வெளிச்சத்தை நோக்கிக் குழலுக்குள் பார்த்தால் வட்டம் சுத்தமாகத் தெரிய வேண்டும்.

இனித் துடைக்கும் கம்பி. குழலின் துல்லியம் அதன் கடைசி நூலளவில் இருக்கிறது. குண்டு வெளியேறும் வாய் விளிம்பு வட்டம் மாறாமல் இருந்தால்தான் பின்னால் வரும் வாயு எல்லாப் பக்கமும் ஒரே நேரத்தில் வெளியேறும். ஒரு பக்கம் தேய்ந்துவிட்டால் வாயு அந்தப் பக்கம் முந்திக்கொண்டு குண்டைத் தள்ளிவிடும். முன்வாயிலிருந்து கம்பியை நுழைத்துத் துடைப்பவர்கள் அந்த விளிம்பைத்தான் ஒவ்வொரு முறையும் அராவுகிறார்கள். கம்பி எப்போதும் பின்பக்கத்திலிருந்துதான் போக வேண்டும். மூன்று துண்டாகத் திருகிப் பொருத்தும் அலுமினியக் கம்பி, கடையில் மலிவாகக் கிடைத்தாலும் வேண்டாம்: மூட்டுகள் வளையும், மென்மையான அலுமினியத்தில் மணல் பதிந்துகொள்ளும், அது பிறகு உப்புத்தாள் வேலையைச் செய்யும். ஒரே துண்டான எஃகுக் கம்பி அல்லது பிளாஸ்டிக் பூச்சுள்ள கம்பி வாங்க வேண்டும். கைப்பிடியில் பேரிங் இருந்து, சுழல்பள்ளத்தோடு கம்பி தானே சுழல வேண்டும். போல்ட் இருந்த இடத்தில் போர்-கைடு என்னும் குழாயைச் செருகிக்கொண்டால் கம்பி தொண்டையில் உரசாது, கரைப்பானும் விசைப் பகுதிக்குள் வழியாது.

துணி முன்வாயில் வெளியே வந்ததும் கழற்றிவிட்டுக் கம்பியை இழுக்க வேண்டும். அழுக்குத் துணியைத் திரும்ப உள்ளே இழுப்பது, வெளியேற்றிய கரியை மறுபடி பூசுவதுதான். பிரஷ்ஷைக் குழலின் நடுவில் திசை மாற்றக் கூடாது; முழுதாக வெளியே வந்த பிறகே பின்னிழுக்க வேண்டும். ஒவ்வொரு முறைக்கும் கம்பியை ஒரு துணியால் துடைத்துவிட்டால், குழலுக்குள் போகும் தூசி குறையும். லாரிகள் ஓயாமல் ஓடும் இந்தச் சாலையோர ஊர்களில் காற்றிலுள்ள தூசி சும்மா விட்டுவிடும் அளவு இல்லை.

என்.சி.சி.யில் இருந்தவர்களுக்குப் புல்த்ரூ கயிறும் சிந்தித் துணியும் பழக்கம். நான்கு அங்குலம் நீளம், இரண்டு அங்குலம் அகலம் என்று துணியை வெட்டிக் கயிற்றின் கண்ணியில் கோத்து இழுப்பார்கள். பின்பக்கத்திலிருந்து கம்பி நுழைக்க முடியாத ரைஃபிள்களுக்கு இது நல்ல முறை. ஆனால் இழுக்கும்போது கயிறு குழலின் வாயில் சாய்ந்து உரசினால், ஆண்டுக்கணக்கில் அதுவும் விளிம்பில் ஒரு பள்ளம் போடும். பழைய லீ-என்ஃபீல்டு ரைஃபிள்களில் இந்தக் கயிற்றுத் தேய்மானத்தை இன்றும் பார்க்கலாம். ஒருவர் துப்பாக்கியை அசையாமல் பிடிக்க, மற்றவர் குழலின் நேர்கோட்டிலேயே ஒரே இழுப்பாக இழுப்பதுதான் சரி.

செம்பு கரைப்பான்களில் பலவற்றில் அம்மோனியா இருக்கிறது. புட்டியில் எழுதியுள்ள நேரத்துக்கு மேல் அதைக் குழலில் ஊறவிடக் கூடாது. இரண்டு நிறுவனக் கரைப்பான்களைக் கலப்பதும் கூடாது. கம்பி முனையில் துணியைப் பிடிக்கும் பித்தளை ஜாக்கும் பித்தளை பிரஷ்ஷும் அதே கரைப்பானில் கரைந்து துணியை நீலமாக்கும். குழலில் இன்னும் செம்பு இருக்கிறது என்று எண்ணி, மணிக்கணக்கில் தேய்த்துக்கொண்டிருப்பவர்கள் உண்டு. நிக்கல் பூசிய அல்லது பிளாஸ்டிக் ஜாக் வாங்கினால் அந்த மயக்கம் தீரும். குழலைக் கண்ணாடிபோல ஆக்குவது நோக்கமே இல்லை. லேசான செம்புப் படலம் மிச்சமிருப்பதால் துல்லியம் கெடாது. பல குழல்கள் துடைத்த பின் இரண்டு, மூன்று தோட்டா போனால்தான் நிலைக்கு வருகின்றன. போட்டிக்காரர் அல்லாதவர் ஒவ்வொரு நாள் சுடுதலுக்குப் பிறகும் கரியை மட்டும் துடைத்து, செம்பை எப்போதாவது ஒருமுறை எடுத்தால் போதும்.

பழைய தோட்டா விஷயம் தனி. வேட்டைக்காரர் கென்னத் ஆண்டர்சன் .405 வின்செஸ்டர் ரைஃபிளோடு ஆட்கொல்லிகளைத் தேடி அலைந்த பென்னாகரமும் தேன்கனிக்கோட்டைக் காடுகளும் அன்றைக்குச் சேலம் மாவட்டத்தைச் சேர்ந்தவை. 1965-ல்தான் தருமபுரி தனி மாவட்டமானது. அந்தத் தலைமுறை பயன்படுத்திய தோட்டாக்களில் பலவற்றின் பற்றவைப்பு மருந்தில் பொட்டாசியம் குளோரேட் இருந்தது. அது எரிந்தால் பொட்டாசியம் குளோரைடு உப்பாகக் குழலில் படியும். சமையல் உப்பைப் போலவே அது காற்றிலிருந்து ஈரத்தை இழுக்கும். அன்று பலரும் சுட்டு முடித்ததும் எண்ணெய் பூசி வைத்தார்கள். அப்படியும் துரு வந்தது. ஏன் என்று 1922-ல் அமெரிக்கச் சுரங்கத் துறையின் வில்பர்ட் ஹஃப் ஆராய்ந்து சொன்னார்: உப்பு எண்ணெயில் கரையாது, எண்ணெய்ப் படலத்துக்கு அடியிலேயே அது எஃகை அரிக்கும். அதற்கு மருந்து தண்ணீர்தான். பிரிட்டிஷ் ராணுவம் .303 குழல்களில் புனல் வைத்துக் கொதிநீர் ஊற்றியதன் காரணம் அதுவே. இன்றைய தோட்டாக்கள் பெரும்பாலும் அந்த உப்பில்லாதவை. ஆனாலும் தாத்தா காலத்துப் பெட்டியிலிருந்தோ, வகை தெரியாத பழைய ராணுவச் சரக்கிலிருந்தோ வந்த தோட்டாவைப் புதுக் குழலில் போடாமலிருப்பதே நல்லது. போட்டுவிட்டால் அன்றைக்கே சுடுதண்ணீர், பிறகு நன்றாகக் காய்ந்த துணி, அதன்பின் எண்ணெய், இந்த வரிசையில்.

ஸ்டெயின்லெஸ் குழல் வாங்கினால் துரு வராது என்ற நம்பிக்கை சேலத்துக்காரர்களுக்கு இயல்பாகவே உண்டு. சேலம் உருக்காலையின் தகடுகள் வீட்டுக்கு வீடு பாத்திரமாக இருக்கின்றன. அவை துருப்பிடித்து யாரும் பார்த்ததில்லை. ஆனால் பாத்திரத்துக்குரிய 304 தரத்தில் குரோமியம் 18 சதவீதம், நிக்கல் 8 சதவீதம். ரைஃபிள் குழலுக்குப் பயன்படும் 416 தரத்தில் குரோமியம் 12 முதல் 14 சதவீதம் வரை மட்டுமே, நிக்கலைச் சேர்ப்பதில்லை. கூடவே கடைசலுக்கு வசதியாகக் கந்தகமும் சேர்க்கப்படுகிறது. கடினப்படுத்தவும் துல்லியமாக வெட்டவும் அந்தத் தரம் ஏற்றது. துருவை எதிர்ப்பதில் அது பாத்திரத்தை எட்டாது. காந்தத்தை வைத்தால் ஒட்டும். சாதாரண குரோம்-மாலிப்டினம் எஃகைவிடத் தாமதமாகத் துருப்பிடிக்கும், அவ்வளவுதான். வெளியே தெரியும் கறுப்புப் பூச்சும் எண்ணெயைப் பிடித்து வைக்கும் மெல்லிய படலம் மட்டுமே. வியர்வைக் கை பட்டு, துடைக்காமல் இரண்டு நாள் விட்டால் விரல் ரேகை அப்படியே துருவாகப் பதியும்.

எண்ணெய் எது? வீட்டிலுள்ள எந்தச் சமையல் எண்ணெயும் வேண்டாம். தாவர எண்ணெய்கள் காற்றோடு கலந்து பிசினாக இறுகும். தேங்காய் எண்ணெய் 24 டிகிரிக்குக் கீழே உறைந்துவிடும். ஏற்காட்டில் அதற்கு மார்கழிகூடத் தேவையில்லை. இந்தப் பக்கம் ஆமணக்கு நிறைய விளைகிறது என்பதற்காக விளக்கெண்ணெயும் சரிவராது. மண்ணெண்ணெய் அழுக்கைக் கழுவும், ஆனால் ஆவியாகிப் பாதுகாப்பு எதையும் விட்டுவைக்காது. துப்பாக்கிக்கென்று விற்கும் எண்ணெயே சிறந்தது. அது கிடைக்கும்வரை தையல் மெஷின் எண்ணெயை மெல்லியதாகத் தடவிச் சமாளிக்கலாம். குழலுக்குள் ஒரே ஒரு நனைந்த துணி, அதன்பின் லேசாக ஒரு காய்ந்த துணி. அடுத்த முறை சுடுவதற்கு முன் அந்த எண்ணெயையும் முழுதாகத் துடைத்தெடுக்க வேண்டும்.

தோல் உறையும் கான்வாஸ் உறையும் பயணத்துக்கு மட்டுமே. அவை ஈரத்தைக் குடித்து வைத்துக்கொள்ளும். மோகனூர், பரமத்தி வேலூர் போன்ற காவிரிக்கரை ஊர்களில், வாய்க்கால் பாசனமும் வெற்றிலைக் கொடிக்காலும் சூழ்ந்த வீடுகளில், உறைக்குள் வைத்த ரைஃபிள் ஐப்பசி அடைமழைக்குப் பிறகு வெளியே வரும்போது செம்புள்ளிகளோடுதான் வரும். பூட்டிய இரும்புப் பெட்டியில், உறையில்லாமல், வாய் கீழ்நோக்கிச் சற்றே சாய்ந்திருக்கும்படி வைத்தால் மிகுதி எண்ணெய் மரக்கட்டைக்குள் இறங்காது. பக்கத்தில் சிலிக்கா ஜெல் பை. நீல மணிகள் இளஞ்சிவப்பானால் 120 டிகிரி அவனில் சூடாக்கி மறுபடி பயன்படுத்தலாம். ஏற்காட்டுக் குளிரிலிருந்து சேலத்துக்கு இறங்கியதும் பெட்டியை உடனே திறக்கக் கூடாது. குளிர்ந்த எஃகின்மேல் சமவெளியின் ஈரக்காற்று பட்டால் உள்ளும் புறமும் நீர் பூக்கும். மூடியபடியே சில மணி நேரம் விட்டு, அறை வெப்பத்துக்கு வந்த பிறகு திறந்து துடைக்க வேண்டும்.

இன்னொரு எதிரி குளவி. தோட்ட வீட்டு மூலையில் சாத்திவைத்த குழலுக்குள் அது மண்கூடு கட்டும். கூடோ மறந்துவிட்ட துணித்துண்டோ உள்ளே இருக்கச் சுட்டால் குழல் வெடிக்கலாம். நெடுநாள் கழித்து எடுக்கும் ஒவ்வொரு முறையும் பின்பக்கத்திலிருந்து குழலை ஊடுருவிப் பார்ப்பது கட்டாயம்.

வாய் விளிம்பு அடிபட்டுவிட்டால்? நாமக்கல்லிலும் திருச்செங்கோட்டிலும் லாரிக்கும் போர்வெல் ரிக்குக்கும் நூலளவு பிசகாமல் கடைந்து தரும் லேத் பட்டறைகள் தெருவுக்குத் தெரு இருக்கின்றன. அங்கே கொடுத்துச் சீவிக்கொள்ளலாம் என்ற எண்ணம் வருவது இயல்பு. கூடவே கூடாது. 1959 ஆயுதச் சட்டப்படி துப்பாக்கியைப் பழுதுபார்ப்பதற்கே தனி உரிமம் வேண்டும். குழலைக் குட்டையாக்குவதை அதே சட்டத்தின் 6-வது பிரிவு உரிமமின்றித் தடுக்கிறது. பட்டறைக்காரரும் உரிமையாளரும் சேர்ந்து சிக்குவார்கள். உரிமம் பெற்ற துப்பாக்கிப் பழுதுபார்ப்பவரிடம், ரசீதோடு கொடுப்பதே வழி.

.22 ரைஃபிளுக்கு மேலே சொன்னவற்றில் பாதி தேவைப்படாது. 2024 பாரிஸ் ஒலிம்பிக்கில் ஸ்வப்னில் குசாலே வெண்கலம் வென்ற 50 மீட்டர் மூன்று நிலைப் போட்டி இந்த ரகத்தில்தான் நடக்கிறது. ஈயக் குண்டு, அதன்மேல் மெழுகு, குறைந்த வெப்பம்: குழல் பல பத்தாயிரம் தோட்டா தாங்கும். அங்கே கவனிக்க வேண்டியது தோட்டா அறைக்குச் சற்று முன்னால் வளையமாக இறுகும் கரி மட்டும். மென்மையான துணியால் அளவாகத் துடைக்கலாம். செம்பு கரைப்பானுக்கு வேலையே இல்லை. கடலூரில் பிறந்த இளவேனில் வாலறிவன் களமிறங்கும் 10 மீட்டர் ஏர் ரைஃபிளில் நெருப்பே இல்லாததால் அரிப்பும் இல்லை. ஃபெல்ட் துண்டுகளைச் செலுத்தித் துடைத்தால் போதும். காற்று அழுத்தப் பகுதியில் மட்டும் சாதாரண எண்ணெய் ஒரு சொட்டும் படக் கூடாது, அழுத்தத்தில் அது பற்றிக்கொள்ளும். 4.5 மில்லிமீட்டருக்கும் 20 ஜூலுக்கும் மேற்படாத ஏர் ரைஃபிளுக்கு உரிமம் தேவையில்லை என்பதால் பயிற்சியைத் தொடங்குபவர்கள் பெரும்பாலும் இதில்தான் தொடங்குகிறார்கள்.

கடைசியாகத் தேர்தல் காலம். நடத்தை விதி அமலுக்கு வந்ததும் உரிமத் துப்பாக்கிகளைக் காவல் நிலையத்தில் ஒப்படைக்கும்படி அறிவிப்பு வரும்; வங்கிக் காவலர், போட்டிச் சுடுநர் போன்றோர் விலக்குக்கு விண்ணப்பிக்கலாம். 2024-ல் மார்ச் 16 அன்று அமலான விதி ஜூன் 6 வரை நீடித்தது. எண்பது நாளுக்கு மேல் குழலை உரிமையாளர் பார்க்கவே முடியாது. அறிவிப்பு வந்த அன்றே செம்பு, கரி இரண்டையும் துடைத்து, உள்ளே வழக்கத்தைவிடச் சற்றுக் கெட்டியாக எண்ணெயோ துருத்தடுப்பு கிரீஸோ பூசி, வெளிப்புறத்தையும் எண்ணெய்த் துணியால் துடைத்துவிட வேண்டும். தோல் உறையில் கொடுக்க வேண்டாம். துருத்தடுப்புக் காகிதத்தில் சுற்றி, துப்பாக்கி எண்ணும் பெயரும் எழுதிய அட்டை கட்டிக் கொடுக்கலாம். வாய் விளிம்பின்மேல் ஒரு பிளாஸ்டிக் மூடி மாட்டினால், பல துப்பாக்கிகளோடு சாத்தி வைக்கும்போது இடிபடாது. குழலுக்குள் கிரீஸ் இருக்கிறது என்பதை அந்த அட்டையிலேயே எழுதிவிட வேண்டும். திரும்பப் பெறும்போது எண்ணை ரசீதோடு ஒப்பிட்டு, மூடியைக் கழற்றி, விளிம்பை அங்கேயே வெளிச்சத்தில் பார்த்துக்கொண்டு, வீடு வந்ததும் கிரீஸ் முழுவதையும் கரைப்பானால் எடுத்துவிட்டால் குழல் சுடத் தயார்.